தொப்பி விளிம்பை வெட்டுற மரக்கட்டை

இந்த எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். போன மாசம் ஆன்லைன்ல ஒரு கம்பளி ஃபெல்ட் தொப்பி வாங்கினேன். விளிம்பு ரொம்ப அகலமா தெரிஞ்சுது. சாக்பீஸால கோடு போட்டு, கத்தரிக்கோலால வெட்டிட்டேன். இடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா போச்சு. அதைச் சரிசெய்ய வலது பக்கம் வெட்டினேன், அப்புறம் முன்பக்கம். மீசையைச் சமமா வெட்டப் போய் மொத்தமா மழிச்சவன் கதைதான். ஃபெல்ட்டுக்கு கன்ட்ரோல் இஸட் கிடையாது.

அப்போ, தொப்பி செய்றதையே தொழிலா வச்சிருந்தவங்க இதை எப்படிச் செஞ்சாங்கன்னு தேடினேன். கிடைச்ச பேரு: ரவுண்டிங் ஜாக். உள்ளங்கையில அடங்குற மரக்கட்டை. ஒரு பக்கம் உள்வாங்கின மாதிரி வளைச்சு இழைச்சிருப்பாங்க. தொப்பியில தலை நுழையுற பகுதி இருக்கே, கிரவுன், அதோட அடியில இந்த வளைவு போய் ஒட்டிக்கும். கட்டையில முன்னும் பின்னும் நகர்ற ஒரு சட்டம், அதுல சின்ன கத்தி. விளிம்பு எத்தனை அகலம் வேணுமோ அங்க சட்டத்தை இறுக்கிட்டு, கிரவுனை அணைச்சபடியே ஒரு சுத்து இழுத்தா முடிஞ்சுது.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஒரு மணி அடிச்சிருக்கும். முதல் வருஷ ஒர்க்‌ஷாப், கார்பென்ட்ரி செக்‌ஷன், மார்க்கிங் கேஜ்! பலகையோட ஓரத்துல ஒட்டிக்கிட்டே இணையா கோடு கீறுமே, அதேதான். அங்க ஓரம் நேரா இருக்கும், இங்க வளைவு.

காம்பஸ் வச்சு வட்டம் போட்டா ஆகாதான்னு கேட்கலாம். ஆகாது, ஏன்னா கிரவுன் வட்டம் இல்ல, நீள்வட்டம் மாதிரி. சரி, அதே நீள்வட்டத்தைப் பெருசாக்கி வரையலாமா? கணக்கு போடுங்க. கிரவுன் 20 சென்டிமீட்டர் நீளம், 16 அகலம்னு வச்சுக்குவோம். பக்கவாட்டுல 6 சென்டிமீட்டர் விளிம்பு வர்ற அளவுக்குப் பெருசாக்கினா, முன்னாடியும் பின்னாடியும் 7.5 ஆயிடும். சுத்தி ஒரே அகலம் வேணும்னா வர்ற கோடு நீள்வட்டமே கிடையாது. போதாததுக்கு மனுஷத் தலை யாருக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அந்தக் கோணலைக் காகிதத்துல பிரதி எடுக்கவே 1840-கள்ல பாரிஸ்ல கான்ஃபார்மேட்டர்னு ஒரு கருவி வந்துச்சு. ஜாக்குக்கு இந்தக் கவலை எதுவும் இல்ல. அது எதையும் கணக்குப் போடறதில்ல, கிரவுன் எப்படிப் போகுதோ அப்படியே போகும். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. நான் எழுதியிருந்தா 200 வரி கோடு ஆயிருக்கும், அதுலயும் ஒரு பக் இருந்திருக்கும்.

இந்தத் தொழில் கொடிகட்டிப் பறந்த ஊர்கள்: இங்கிலாந்துல லூட்டன், ஸ்டாக்போர்ட், அமெரிக்காவுல டேன்பரி. ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு ஒரு தகவல்: லூட்டன் டவுன், ஸ்டாக்போர்ட் கவுன்ட்டி ரெண்டு டீமுக்கும் செல்லப்பேரு 'ஹாட்டர்ஸ்'.

டேன்பரியில இன்னொரு பேரும் உண்டு, 'டேன்பரி ஷேக்ஸ்'. முயல் ரோமம் நல்லா பின்னிப் பிணைஞ்சு ஃபெல்ட் ஆகணும்னு பாதரச நைட்ரேட் தடவுவாங்க. அப்புறம் ஆவி காட்டி வடிவமைக்கிறப்போ, இஸ்திரி போடறப்போ, பாதரசம் காத்துல கலக்கும். வருஷக்கணக்கா அதைச் சுவாசிச்சவங்களுக்கு கை நடுக்கம் வந்துச்சு. அமெரிக்காவுல 1941-லதான் இதைத் தடை பண்ணினாங்க. இதைப் படிச்ச பிறகு அந்தக் கட்டையை நான் பார்க்கிற விதமே மாறிடுச்சு. நடுங்குற கையில கத்தரிக்கோல் இருந்தா என்ன ஆகும்? ஆனா கட்டை, கிரவுன்ல சாஞ்சுக்கிட்டே போகுது. கை செய்ய வேண்டியது அழுத்திப் பிடிக்கிறது மட்டும்தான்.

இப்பவும் வெளிநாடுகள்ல தனியாளா தொப்பி செய்றவங்க இருக்காங்க, அவங்களுக்காக மரத்துல ஜாக் செஞ்சு கொடுக்கிறவங்களும் இருக்காங்க. நான் எங்க தெரு தச்சர் அண்ணன்கிட்ட போட்டோ காட்டினேன். "இது கேஜ்தானே தம்பி"ன்னு சிரிச்சுட்டு, மீந்துபோன தேக்குத் துண்டுல செஞ்சு கொடுத்தாரு. பேப்பர் கட்டர் பிளேடு மாட்டினோம். ரெண்டாவது தொப்பியில ஒரு சுத்து இழுத்தேன். ஆரம்பிச்ச இடத்துக்கு வெட்டு திரும்பி வந்தப்போ வித்தியாசம் அரை நூல்கூட இல்ல. முதல் தொப்பிய இப்போ அம்மா புளி டப்பா மேல கவுத்து வச்சிருக்காங்க.