எல்லைக் கிராமங்களும் ஆராய்ச்சித் தலைப்பும்



ஆராய்ச்சிக்கு வரும் மாணவர் முதலில் கொண்டுவரும் தலைப்பு, பெரும்பாலும் 'எல்லைப்புறக் கிராமங்களின் பொருளாதார வளர்ச்சி' என்பது போல் விரிந்து கிடக்கிறது. அது தலைப்பேயன்றி வினா அன்று. வினா இல்லாதவிடத்து எத்துணைப் புள்ளிவிவரம் திரட்டினும் விடை கிட்டாது. நல்ல வினா பிறக்கும் வகையைப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியைக் கொண்டே காணலாம்.

1956 நவம்பர் 1ஆம் நாள் வரை நெய்யாற்றின்கரை வட்டமும் விளவங்கோடு வட்டமும் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தில் அடங்கியிருந்தன. அன்று முன்னது கேரளத்திலும், பின்னது சென்னை இராஜ்யத்திலும் சேர்ந்தன. மண்ணும் மழையும் மாறவில்லை, ஆட்சி மாறியது. ஆகவே, இருபுறத்தையும் ஒப்பிட்டால் ஆட்சியின் விளைவு புலப்படும் என்று மாணவர் எண்ணக்கூடும். இங்கே எச்சரிக்கை வேண்டும். எல்லைக்கோடு சீட்டுக் குலுக்கி வரையப்பட்டதன்று; மொழியை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்டது. வேறுபாடுகள் சில முன்னரே இருந்திருக்கலாம். கோடு விழுந்த பின்னர், ஒருபுறத்தில் மட்டும் நேர்ந்த மாற்றம் ஒன்றைத் தேடுவதே தக்க வழியாகும்.

நெய்யாறு இடது கரைக் கால்வாய் அத்தகைய மாற்றத்தைக் காட்டுகிறது. விளவங்கோடு பகுதியில் 9,200 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்க அமைந்த அக்கால்வாயில், 2004ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிற்கு நீர் வருவது நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இப்போது வினா தெளிவாகிறது: நீர் நின்றதனால் குறைந்த நெற்பரப்பு எவ்வளவு?

விளவங்கோட்டுக் கிராமங்களை மட்டும் ஆய்ந்தால், நெல் குறைந்தது முழுவதையும் நீரின்மை மீது ஏற்ற நேரிடும். ஆனால் கேரளத்திலும் நெல் குறைந்தே வந்துள்ளது. 1974-75இல் அங்கு ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு, அண்மை ஆண்டுகளில் இரண்டு இலட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியுள்ளது. கூலி உயர்வு, வீட்டுமனைத் தேவை, தோட்டப்பயிரின் ஆதாயம் ஆகியன இதற்குக் காரணங்கள். ஆகவே, கால்வாய் நீர் தொடர்ந்த நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் 2004க்கு முன்னும் பின்னும் நேர்ந்த குறைவை, விளவங்கோட்டில் நேர்ந்த குறைவிலிருந்து கழித்தல் வேண்டும். எஞ்சுவதே நீரின் விளைவு எனக் கருதத்தக்கது. 2004க்கு முன்னர் இருபுறத்திலும் குறைவின் போக்கு ஒத்திருந்ததா என்பதையும் சோதித்தறிய வேண்டும். நியூ ஜெர்சியில் 1992இல் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது, கார்டு, குரூகர் என்னும் அறிஞர்கள் அண்டை மாநிலமான பென்சில்வேனியாவை ஒப்புநோக்கியதும் இம்முறையிலேயே.

அளவையிலும் இடர் உண்டு. தமிழ்நாட்டில் கிராம அடங்கலில் புலவாரியாகப் பயிர் பதியப்படுகிறது. கேரளத்திலோ மாதிரி ஆய்வின் மூலம் பயிர்ப்பரப்பு மதிப்பிடப்படுகிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிடலாகாது. தமிழிலும் மலையாளத்திலும் பொருள் மாறாத ஒரே வினாப்பட்டியல் கொண்டு, இருபுறமும் விசாரித்தல் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முந்திய பயிரை நினைவிலிருந்து சொல்வோர் தவறக்கூடும். அக்காலத்துச் செயற்கைக்கோள் படங்களுடன் அதனை ஒத்துப்பார்த்தல் நன்று.

இத்தகைய ஆய்வின் முடிவு நூலகத்தோடு நின்றுவிடுவதன்று. நீர்ப் பங்கீடு பற்றிய பேச்சில் எடுத்தாளப்படக்கூடியது. கடைமடை விவசாயியின் இழப்பைக் கூட்டிச் சொன்னால் அது மறுக்கப்பட்டுவிடும். குறைத்துச் சொன்னால் அவருக்கு அநீதியாகும். சரியாக அளந்து சொல்வதற்கே ஆய்வு வடிவமைப்பு தேவைப்படுகிறது.