கண் விலகும் நேரம்

மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம்மில் பலர் சொல்வார்கள். அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, அதை நம்பிச் சும்மா இருந்தால் பிள்ளையின் பார்வை பாதிக்கப்படலாம்.

இன்று நான் பேசுவது வந்து வந்து போகும் மாறுகண்ணைப் பற்றி. காலையில் கண் நேராகத்தான் இருக்கும். சாயங்காலம் விளையாடிக் களைத்து, வாசலை வெறித்தபடி பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது ஒரு கண் மட்டும் காதுப் பக்கம் நழுவும். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நேராகிவிடும். டாக்டர் முன்னால் போனாலோ, பிள்ளை கவனமாக உட்கார்ந்திருக்கும். கண்ணும் அடக்கமாக இருக்கும்! ஆகவே, விலகும் நேரத்தில் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கண், எந்தப் பக்கம், எந்த நேரம் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும்.

ஒரு கண்ணை அசைக்க 6 தசைகள். அவற்றுக்கு ஆணையிட 3 நரம்புகள். இரு கண்களும் காணும் காட்சியை ஒன்றாக்குவது மூளை. களைப்பிலும் காய்ச்சலிலும் அந்தப் பிடி தளர்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு விஷயம் இவ்வளவுதான். மூளையில் கட்டியோ என்று பதற வேண்டாம். பிறந்த குழந்தைக்கு 3, 4 மாதம்வரை கண் அவ்வப்போது அலைபாய்வதும் இயல்பே.

பதற வேண்டிய நேரம் வேறு. நேற்றுவரை நேராக இருந்த கண் திடீரென்று மூக்குப் பக்கம் திரும்பி அங்கேயே நின்றால் உஷாராகுங்கள். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் ஆறாவது நரம்பு, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி நெடுந்தூரம் வருகிறது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அது இழுபட்டுச் செயலிழக்கும். பிள்ளைக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். சொல்லத் தெரியாமல் தலையைத் திருப்பிவைத்தே பார்க்கும். கூடவே காலை நேரத் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. இமையும் சேர்ந்து தொங்கி, பொழுது சாயச் சாய அதிகமானால் மயஸ்தீனியாவாக இருக்கலாம். நரம்பின் ஆணை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய் அது. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்மணி வெள்ளையாக மின்னினாலும் தாமதம் கூடாது. விழித்திரைப் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

மற்றவர்களில் பலருக்குக் கண்ணாடியே போதும். சிலருக்கு நல்ல கண்ணை மூடிவைத்து, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். ஆபரேஷன் என்றதும் கண்ணை வெளியே எடுப்பார்களோ என்று பாட்டிமார் பயப்படுவதுண்டு. அப்படியெல்லாம் இல்லை. வெள்ளைவிழியில் ஒட்டியிருக்கும் தசையைச் சற்று இடம் மாற்றியோ சுருக்கியோ தைப்பார்கள். கண் இருந்த இடத்திலேயே இருக்கும்.