வரப்பில் வேண்டாம், வயலுக்குள் வாங்க!

2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்கள் செல்போனோடு தமிழ்நாட்டு வயல்களில் இறங்கினார்களே, அதுதான் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு. நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் உதவியால் செல்போன் கண்டுகொள்ளும். அதைச் சர்வே எண்ணோடு பொருத்தி, பயிரைப் படமெடுத்துப் பதிவார்கள்.

ஆனால், செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் பிசகலாம். நம்ம பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வரப்புக்கு இப்பால் மக்காச்சோளம், அப்பால் பருத்தி. வரப்பில் நின்று பதிந்தால் உங்க சோளம் பருத்தியாகிவிடலாம்! பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கல்தான்.

ஆகவே, கணக்கெடுக்க வருபவரை வயல் நடுவே அழைத்துப் போங்க. சர்வே எண்ணையும் உட்பிரிவையும் சொல்லுங்க. பின்னர் அடங்கலைப் பாருங்க. தவறிருந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்க. அறுவடை முடிந்தபின் சாட்சி சொல்ல வயலில் பயிர் இருக்காதே!