ஒன்பது மலர்களும் ஒரு கயிலையும்



பொருநைக் கரையில் வாழ்வோர்க்குக் கயிலாயம் தொலைவிலன்று. பாபநாசம் முதல் சேர்ந்தபூமங்கலம் ஈறாக ஆற்றோரத்தில் ஒன்பது கயிலாயங்கள் விளங்குகின்றன. அகத்தியரின் மாணவராகிய உரோமச முனிவர் ஒன்பது தாமரை மலர்களை ஆற்றில் விட்டார் என்பதும், அவை ஒதுங்கிய இடந்தோறும் ஒரு கோயில் எழுந்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இத்தனை அருகிலிருந்தும், வடகயிலையைக் கண்ணாரக் காணும் வேட்கை நெல்லைச் சீமையில் தணிந்ததில்லை.

அக்கயிலை இன்று சீனத்தின் ஆட்சிக்குட்பட்ட திபெத்தில் இருக்கின்றது. நினைத்தவுடன் மூட்டை கட்டிப் புறப்பட இயலாது. 1981 முதல் இந்திய வெளியுறவு அமைச்சகம் யாத்திரிகரைக் குழுக்களாக அனுப்பி வருகின்றது. 2020இல் தடைப்பட்ட பயணம் 2025இல் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டில் குழுவுக்கு 50 பேராக, லிபுலேக் கணவாய் வழியே 5 குழுக்களும் நாதுலா வழியே 10 குழுக்களும் செல்வதென அறிவிக்கப்பட்டது. 18 முதல் 70 வயது வரையுள்ளோர் விண்ணப்பிக்கலாம். குலுக்கல் முறையில் தேர்வு நடைபெறும். வழிநடத்த அரசு அலுவலர் உடன் செல்வர்.

பொதிகையில் அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர். மானசரோவர் ஏரியோ 4,500 மீட்டருக்கும் மேலே கிடக்கின்றது. கயிலையை வலம் வரும் ஏறத்தாழ 52 கிலோமீட்டர்ப் பாதையில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டும். அங்கே ஒரு மூச்சில் கிட்டும் உயிர்வளி, கடற்கரையில் கிட்டுவதில் ஏறத்தாழப் பாதியே. ஆதலின் தில்லியில் மருத்துவ ஆய்வு நடத்தி, லிபுலேக் வழியில் குஞ்சி என்னும் மலையூரில் மீண்டும் ஆய்வு நடத்துவர். தேறாதவர் அங்கிருந்தே திரும்ப வேண்டும். மலை எவ்வளவு கடுமையானது என்பதற்கு 1998 ஆகஸ்டில் மால்பாவில் நேர்ந்த நிலச்சரிவு சான்று. அதில் ஏறக்குறைய 60 யாத்திரிகர் மாண்டனர். நடனக் கலைஞர் புரோதிமா பேடியும் அவருள் ஒருவர்.

குழுப் பயணத்தின் அறம் இங்கேதான் சோதிக்கப்படுகின்றது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று தலைவலியையும் மூச்சுத்திணறலையும் மறைப்பவர் உண்டு. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டால் உடனே கீழிறங்குவதே முதன்மையான மருத்துவம். அப்போது தாங்கி இறங்கும் சுமை உடன் வந்தோர் தோளில் விழும். தளர்ச்சியை ஒளிக்காமல் சொல்வதும், தளர்ந்தவர்க்காக நடையைக் குறைப்பதும் வலம் வருதலினும் குறைந்த வழிபாடு ஆகா.

பெரியபுராணம் காட்டும் நாவுக்கரசர் தனியராய் வடதிசை ஏகினார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்தபின் உருண்டும் சென்றார். ஆயினும் அவர் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தே கயிலைக் காட்சி பெற்றார். திருப்பி அனுப்பப்பட்டதை அவரது தோல்வியென்று தமிழுலகம் கருதவில்லை.

பரிசில் பெற்று மீண்டவன், எதிர்ப்படும் வறியவனுக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. கயிலை சென்று மீளும் கவிஞர்க்கும் அக்கடமை உண்டு. பனியையும் ஒளியையும் பாடுவதோடு, குஞ்சியில் கண்கலங்கித் திரும்பிய தோழரையும் அவர்கள் பாட வேண்டும்.

உரோமசர் விட்ட மலர்கள் ஒன்பதும் ஒரே ஆற்றில் புறப்பட்டவை. முதல் மலர் பாபநாசத்திலேயே தங்கிற்று. கடைசி மலர் கடலை அடுத்த சேர்ந்தபூமங்கலம் வரை சென்றது. முன்னோர் இரண்டிற்கும் இட்ட பெயர் ஒன்றே: கயிலாயம்.