இடாப்பும் இருமலும்



மார்கழி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்விக்கூடங்களிலும் விடுதிகளிலும் தடிமனும் இருமலும் காய்ச்சலும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுவதும், அதைக் கண்ட நிர்வாகத்தார் கைகழுவும் முறையைப் படம்போட்டுக் காட்டும் சுவரொட்டி ஒன்றை ஒட்டிவிட்டுத் தம் கடமை தீர்ந்ததென்று அமர்ந்துகொள்வதும், பனிக்குள்ளே திரிந்தாய், தலை ஈரத்தோடு படுத்தாய் என்று பெற்றோர் பிள்ளையைக் கடிந்துகொள்வதும் ஆண்டுதோறும் நடக்கின்ற காரியங்கள். இவ்விரு திறத்தாருக்கும் அபிப்பிராயம் ஒன்றே: நோய் வந்தது நோயுற்றவனின் குற்றம். அந்த அபிப்பிராயத்தை மறுப்பதற்காகவே இன்று இம்மேடையில் ஏறினேன். கல்லூரியிலே சுவாச நோய் பரவுவதற்கு முதற்காரணங்கள் இரண்டு: நோயாளியைப் பாயிலிருந்து எழுப்பி மண்டபத்துக்கு இழுத்து வருகின்ற வரவு இடாப்பு ஒன்று, வந்தவனை அடைத்து வைக்கின்ற பூட்டிய யன்னல் மற்றொன்று. இரண்டையும் ஏற்படுத்தியவர்கள் மாணவரல்லர்.

இந்த நோய்க்கும் நம்முடைய கல்விக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததன்று. 1816 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனார் இங்கு வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கியபோது, அவர்களில் ஒருவராகிய எட்வர்ட் வாரன் நெஞ்சு வருத்தம் முற்றிச் சுகம் தேடிக் கடற்பயணம் சென்று, 1818 இல் நன்னம்பிக்கை முனையில் உயிர்விட்டார். அவருடைய தோழராகிய ஜேம்ஸ் றிச்சட்ஸ் அதே வருத்தத்தால் நலிந்து 1822 இல் தெல்லிப்பழையிலேயே இறந்தார். மானிப்பாயில் இருந்து தமிழ் மொழியிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்த சாமுவேல் கிறீன் 1873 இல் தாயகம் திரும்பிய காலத்திலும் அந்த நெஞ்சு வருத்தமாகிய சயரோகம், அதாவது காசநோய், எதனால் வருகின்றதென்பதை உலகம் அறிந்திருக்கவில்லை. அதன் கிருமியைக் கண்ட செய்தியை றொபேட் கொக் பேர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 இல். அறியாமல் மாண்டவர்களை நாம் குறைகூற முடியாது. அறிந்த பின்பும் யன்னலைக் கட்டி வைத்திருப்பவர்களை என்னவென்று சொல்வது?

கட்டி வைத்திருப்பது என்று நான் சொன்னது அலங்காரத்துக்காகவன்று. பெயர் சொல்ல விரும்பாத ஓர் உயர்கல்வி நிலையத்தில் விரிவுரை மண்டபம் ஒன்றைப் பார்த்தேன். குளிரூட்டி பொருத்தியிருந்தபடியால் யன்னல் கொளுக்கிகளைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். திரையிலே படம் தெளிவாக விழவேண்டுமென்று கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். சுவரிலே மாட்டுகின்ற அவ்வகைக் குளிரூட்டி வெளியிலிருந்து ஒரு மிடறு காற்றையும் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பவர்கள் விட்ட மூச்சையே இழுத்துக் குளிரவைத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கின்றது. கடைசி வாங்கிலே ஒரு பிள்ளை கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டுக்கொண்டு, வாயைக் கைக்குட்டையால் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். கையொப்பத் தாள் வரிசை வரிசையாக நகர்ந்து அவளிடம் வந்தது. ஒப்பமிட்டு அருகில் இருந்தவளிடம் நீட்டினாள். வகுப்பு முடிந்ததும், “வீட்டிலே படுத்திருக்கலாமே, பிள்ளை?” என்றேன். “ஏற்கெனவே மூண்டு லெக்சர் விட்டிட்டன், சேர். இன்னும் விட்டால் சோதினை எடுக்க விடமாட்டினம். ரெண்டு பனடோல் போட்டிட்டு வந்தனான்” என்றாள். வாசற் கதவிலே அந்தக் கைகழுவும் சுவரொட்டி அழகாக ஒட்டப்பட்டிருந்தது.

பூட்டிய மண்டபம் என்ன செய்யும் என்பதற்குத் தாய்வான் தலைநகர் தாய்ப்பேயிலே ஒரு பல்கலைக்கழகம் பிரத்தியட்ச சாட்சி. அங்கே காற்றோட்டமில்லாத வகுப்புகளிலே காசநோய் பரவி இருபத்தேழு பேரைப் பிடித்தது; அவர்களோடு பழகிய ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்டோரைத் தேடிப் பரிசோதிக்க நேர்ந்தது. அறைகளிலே கரியமில வாயுவை அளந்தபோது பத்து இலட்சத்தில் 3,200 பங்கு இருந்தது. வெளியே திறந்த வெளியில் அது ஏறக்குறைய 420 பங்குதான். அந்த வாயு நோயைத் தருவதன்று. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதைக் காட்டுகின்ற அளவுகோல் அது. காற்றோட்டத்தைத் திருத்தி அதனை 600 பங்குக்கு இறக்கிய பிறகு, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தும், புதிதாக அங்கே வந்து பழகியவர்களிடையே தொற்று ஒன்றும் காணப்படவில்லையென்று 2020 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. சபையோர் இதனைச் சற்றே நிதானித்து எண்ணவேண்டும். அங்கே மாணவரின் பழக்கவழக்கத்தைத் திருத்தியதாக அந்த ஆய்வு கூறவில்லை. காற்றைத் திருத்தினார்கள் என்றே கூறுகின்றது.

பெரு நாட்டின் லீமா நகரிலே எட்டு மருத்துவமனைகளை ஆராய்ந்தவர்கள் 2007 இல் வெளியிட்ட முடிவு நம்மூர்ப் பெரியவர்களுக்குச் சிரிப்பூட்டும். உயர்ந்த கூரையும் பெரிய யன்னலும் உடைய பழைய கட்டடங்களிலே மணிக்கு நாற்பது தடவை காற்று முழுவதும் மாறியது. புதிய கட்டடங்களிலோ பதினேழு தடவைதான். நாற்சார் வீடு கட்டி, நடுவே முற்றத்தை வானத்துக்குத் திறந்துவிட்டு, சோளகம் ஒரு வாசலால் வந்து மறு வாசலாற் போக வழிவிட்ட நம் பாட்டன்மாருக்கு இதைச் சொல்ல லீமாவிலிருந்து ஒருவரும் வரவேண்டியிருக்கவில்லை. ஓர் ஆளுக்கு வினாடிக்குப் பத்து லீற்றர் புதுக்காற்று வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அறிவுறுத்தியது. வெளியே பெருங்காற்று வீசிக்கொண்டிருக்க உள்ளே காற்றுக்குப் பஞ்சம் வந்த விநோதம் நம் காலத்துக்கே உரியது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைக்க மாட்டேன். யன்னலைத் திறந்தால் வெளிக்காற்று சுத்தமாக இருக்கவேண்டும். 2022 டிசம்பர் 9 இல் காற்று மாசடைந்ததென்று இலங்கை முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். விடுதிப் பின்வளவிலே பிளாஸ்ரிக் குப்பையைக் குவித்துக் கொளுத்துகின்ற வழக்கம் ஒழியாத வரையில், முட்டு வருத்தமுள்ள பிள்ளைக்குத் திறந்த யன்னலும் சத்துருவே. ஆகையால் யன்னலைத் திறப்பவர்கள் அந்த நெருப்பையும் அணைத்துவிட்டுத் திறக்கவேண்டும்.

இனி இடாப்பைப் பற்றிப் பேசுவேன். நூற்றுக்கு எண்பது வரவு இல்லாவிடில் பரீட்சை இல்லையென்னும் விதி நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலும் வழங்குகின்றது. நோய் என்றால் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். அதற்காக, படுத்திருக்கவேண்டிய பிள்ளை எழுந்து பேருந்திலே நெருக்குண்டு போய், இருமுகின்ற இன்னும் பலரோடு ஒரே வாங்கிலே காத்திருந்து, தன்னுடையதைக் கொடுத்து அவர்களுடையதை வாங்கிக்கொண்டு, ஒரு தாளோடு திரும்புகின்றது. இன்புளுவென்சாக் காய்ச்சல் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னரே தொற்றத் தொடங்கி, அதன்பின் ஐந்தாறு நாள் வரை தொற்றும் இயல்புடையது. அந்த நாட்களிலே மாணவன் செய்யத்தக்க மிகப் பெரிய பொதுச்சேவை பாயிலே கிடப்பதுதான். நம்முடைய விதியோ அந்தச் சேவைக்குத் தண்டம் விதிக்கின்றது.

சான்றிதழ் கேளாவிட்டால் மாணவர் பொய் சொல்லி வகுப்புக்கு வராமல் நிற்பார்கள் என்று சிலர் எதிர்வாதம் செய்வார்கள். செய்யட்டும். 2020 மார்ச் 22 இல் யாழ்ப்பாணத்தின் முதலாவது கொரோனாத் தொற்றாளர் கண்டறியப்படுவதற்கு முன்னரே பல்கலைக்கழகங்களை மூடிவிட்டு, பின்னர் கைத்தொலைபேசி வழியாக விரிவுரை நடத்திப் பட்டமும் கொடுத்தவர்கள் இதே நிர்வாகத்தார்தாம். அன்று அத்தனை பேரும் வீட்டிலிருந்து படித்தும் கல்வி கெடவில்லை. இன்று காய்ச்சற்காரன் ஒருவன் ஐந்து நாள் விடுதியிலே படுத்தால் கல்வி கெட்டுவிடுமா? சும்மா நிற்கின்ற சோம்பேறிகள் நாலு பேரைப் பிடிப்பதற்காக நானூறு பேரை நோயாளியாக்குவது என்ன நியாயம்?

காசநோயைப் பற்றி ஒரு வார்த்தை, தாய்மார்களும் இங்கே வந்திருப்பதால். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்கவேண்டும். அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தில் மாறும். இவ்வளவு எளிதாயிருந்தும், “பெட்டைக்குச் சயமாம்” என்ற கதை ஊரிலே பரவினால் கலியாணப் பேச்சு குழம்பிவிடுமென்று அஞ்சி, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்து மாதக்கணக்கில் மறைக்கின்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கொத்தமல்லிக் குடிநீரை நான் பழிக்கவில்லை. தடிமனுக்கு நானும் குடிப்பவன். காசக் கிருமிக்கு அது மருந்தன்று. ஊகத்தால் நோயை அறியமுடியாதென்பதை 2024 டிசம்பரிலே நாம் கண்டோம்: காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகச் சிலர் விரைந்து இறக்க, ஊரெங்கும் மர்மக் காய்ச்சல் என்று பேச்சு எழுந்தது, பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சலென்று தெரிந்தது.

பணமில்லை என்பார்கள். கம்பியை அவிழ்ப்பதற்கு ஒரு குறடும், கறுப்புத் தாளை உரிப்பதற்கு இரண்டு கைகளும் போதும். கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றின் விலை அந்தக் குளிரூட்டியின் விலையில் ஒரு சிறு பகுதி.

ஆகவே, தலைவர் அவர்களே, பின்வரும் பிரேரணையைச் சபைமுன் வைக்கின்றேன்: காய்ச்சலோடு இருமலுள்ள மாணவர் ஐந்து நாள் வரை சான்றிதழின்றி நிற்கலாமென்றும், அந்நாட்களை வராத நாட்களாகக் கணக்கிடலாகாதென்றும் விதி செய்யவேண்டும், ஒவ்வொரு விடுதியிலும் நோயுற்றோருக்கென யன்னலுள்ள ஓர் அறையை ஒதுக்கி, உணவை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், ஒவ்வொரு மண்டபத்திலும் காற்றை அளந்து, அந்த அளவை இடாப்புக்குப் பக்கத்திலே எல்லோரும் காண எழுதி வைக்கவேண்டும். இதனை வழிமொழிவோர் எழுந்து வருக.