பிள்ளைக்குச் சேரவேண்டிய நினைவுகள்

(தொண்டூழியர் குடும்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொண்டின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு ஏற்பாட்டாளர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உடையவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே, அப்பெரிய பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்மோடு தோளோடு தோள் நின்று தொண்டு செய்த ஒருவர் மறைந்துவிட்டால், அவர் விட்டுச் சென்ற பிள்ளைக்கு நாம் என்ன செய்ய வேண்டும்? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

நம்மவர் வீட்டில் துக்கம் என்றால் நாம் ஓடிப்போய் நிற்கிறோம். புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போடுகிறோம், பணம் திரட்டுகிறோம், மண்டாய் வரை உடன் செல்கிறோம், பதினாறாம் நாள் காரியத்திற்கும் வந்து சேர்கிறோம். மத்திய சேமநிதி, காப்புறுதி முதலிய தாள்களை நிரப்பக் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் துணைவியாருக்கு உதவுகிறார்கள். இவையெல்லாம் நல்ல வழக்கங்கள். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையிடம் என்ன சொல்கிறோம்? தலையைத் தடவி, "அழாதேம்மா" என்கிறோம். அதற்குமேல் நமக்குச் சொல்லத் தெரிவதில்லை. அவள் தந்தையைப் பற்றி நாம் மட்டுமே அறிந்த செய்திகள் நூறு இருக்கும். அவற்றை அவளிடம் கொடுக்காமல், நம்மோடு வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறோம்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியில், பக்தர்களுக்கு நீரும் மோரும் கொடுக்கும் பந்தல்களை நீங்கள் அறிவீர்கள். அப்படி ஒரு பந்தலில் பல ஆண்டுகள் எங்களோடு நின்றவர் ஒரு தம்பி. பெயர் வேண்டாம், குடும்பத்தார் அவ்வாறே விரும்புகிறார்கள். 2020ஆம் ஆண்டு மே மாதம் திடீர் மாரடைப்பால் காலமானார். ஒரே மகள், அப்போது வயது 11.

அந்த மாதம் எப்படிப்பட்ட மாதம் என்பதை நினைத்துப் பாருங்கள். கொவிட்-19 நோய்ப்பரவலை முறியடிக்கும் கட்டுப்பாடுகள் ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கி ஜூன் 1ஆம் தேதி வரை நடப்பில் இருந்தன. இறுதிச் சடங்கில் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் கூடக்கூடாது. எங்கள் குழுவில் 40 பேருக்கு மேல் இருந்தும், போக முடிந்தவர்கள் இருவர்தாம். மற்றவர்களுக்கு இருந்தது, கைத்தொலைபேசியில் நாங்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். ஆளாளுக்குக் கும்பிடும் கை, விளக்குப் படம், "ஆன்மா சாந்தியடையட்டும்" என்ற வாசகம் ஆகியவற்றை அனுப்பினோம். மூன்று நாளில் அதுவும் நின்றுபோயிற்று.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, இரவு பத்து மணிக்கு மேல், மறைந்த தம்பியின் எண்ணிலிருந்தே குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. அவருடைய எண்ணை நாங்கள் யாரும் குழுவிலிருந்து நீக்கவில்லை. பார்த்தவர்களுக்கு நெஞ்சு திக்கென்றது. எழுதியது அவர் மகள். "மாமா, அக்கா, எங்கப்பா பந்தலில் என்ன வேலை செய்வார்?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

யாரும் உடனே பதில் எழுதவில்லை. வீட்டில் அவள் அப்பா என்ற சொல்லையே எடுப்பதில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தான் சொன்னால் அம்மா அழுவாள் என்று பிள்ளை அடக்கிக்கொண்டாள். தான் சொன்னால் பிள்ளை அழும் என்று அம்மா அடக்கிக்கொண்டார். இருவருக்கும் நடுவே அந்த மனிதரின் பெயரே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

குழுவில் கருத்து வேறுபாடும் எழுந்தது. "சின்னப் பிள்ளை, பழையதைக் கிளறக் கூடாது, ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடுவோம்" என்றார்கள் சிலர். எங்களில் மூத்தவரான ஓர் அம்மையார், "பிள்ளை ஆறுதல் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கிறது" என்றார். மறுநாள் காலை முதல் வேலையாகத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்" என்றார்.

அன்று மாலையிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவு அனுப்பினார்கள். ஒருவர் பழைய படங்களைத் தேடி எடுத்தார். மோர் கலக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் அவரைத் தவிர வேறு யாரையும் அவர் நிற்க விடமாட்டார் என்றார் ஒருவர். நடந்து களைத்துவரும் முதியவர்களுக்காக மடக்கு நாற்காலி ஒன்றைத் தம் செலவில் வாங்கி வைத்திருந்தார் என்றார் இன்னொருவர். குடித்த குவளையைச் சாலையில் வீசுகிறவர்களைக் கண்டால் கோபம் வந்துவிடும், ஒருமுறை பெரிய சண்டையே ஆகிவிட்டது என்று ஓர் இளைஞர் எழுதினார். இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தப் பெண் என்ன பதில் எழுதினாள் தெரியுமா? "வீட்டிலும் அப்பா அப்படித்தான். குப்பையைக் கீழே போட்டால் திட்டுவார்" என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்திருந்தாள். அவள் தந்தையை அவள் அதிலே அடையாளம் கண்டுகொண்டாள்.

கடைசியாக அந்த மூத்த அம்மையார் ஒரு குரல் பதிவு அனுப்பினார். ஒரு தைப்பூச இரவில், கூட்டம் குறைந்திருந்த நேரத்தில், தம்பி அவரிடம் வந்து கூச்சத்தோடு, "அக்கா, சடை பின்னுவது எப்படி?" என்று கேட்டாராம். மனைவிக்கு அதிகாலை வேலைமுறை, மகளைப் பள்ளிக்குத் தயார் செய்வது அவர் பொறுப்பு. பந்தல் கட்டிய கயிற்றில் மிஞ்சியதை மூன்றாகப் பிரித்துத் தூணில் கட்டி, விடியும்வரை பின்னிப் பின்னிப் பழகினாராம். தந்தை தனக்குத் தலைவாரிவிட்டது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அதை அவர் எங்கே, எப்படிக் கற்றார் என்பது அன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவள் தாயாருக்கும் தெரியாது. அன்றிரவு தாயும் மகளும் சேர்ந்து அழுதார்கள் என்றும், அதன்பிறகு வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேச முடிகிறது என்றும் தாயார் பின்னர் எங்களிடம் சொன்னார்.

அன்பர்களே, இது நம் குழுவுக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் அன்று. நார்வே நாட்டில் நடந்த ஒன்றை உலகமே அறியும். மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர் 1989இல் பிறந்தவர். டுஷேன் எனப்படும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 நவம்பரில், 25 வயதில் மறைந்தார். வாழ்வின் கடைசிப் பத்து ஆண்டுகளில் 15,000 மணி நேரத்திற்கும் மேலாகக் கணினி விளையாட்டில் கழித்தார். நண்பர்களே இல்லாமல் மகன் தனிமையில் போய்விட்டானே என்பதுதான் பெற்றோரின் பெரிய வேதனை. மறைவுச் செய்தியை மகனுடைய இணையப் பக்கத்தில் தந்தை அறிவித்தார். உடனே பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்து குவிந்தன. வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் உலவிய மாட்ஸுக்கு, ஸ்டார்லைட் என்ற குழுவில் ஆண்டுக்கணக்காகப் பழகிய நண்பர்கள் இருந்தார்கள்.

அந்த மடல்களில் வெறும் இரங்கல் மட்டும் இருக்கவில்லை. அவர் தங்களுக்குச் செய்ததை அவர்கள் எழுதினார்கள். கணினியைப் பெற்றோர் பறித்துக்கொண்டதால் மனம் உடைந்திருந்த ஒரு பெண்ணுக்காக, அவளுடைய பெற்றோருக்கே மாட்ஸ் கடிதம் எழுதியிருந்தார். மகனோடு நெருங்க வழி தெரியாமல் தவித்த ஒரு தாய்க்கு வழி சொல்லியிருந்தார். நண்பர்கள் சிலர் நெதர்லாந்து, இங்கிலாந்து போன்ற நாடுகளிலிருந்து ஓஸ்லோவுக்கு வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்கள். ஆண்டுதோறும் அவர் நினைவாக விளையாட்டிற்குள்ளேயே ஒன்றுகூடுகிறார்கள். 2024இல் பெஞ்சமின் ரீ இயக்கத்தில் இது ஆவணப்படமாகவும் வெளிவந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் பக்கத்திலிருந்து வளர்த்த பெற்றோருக்கே தெரியாத மகனை, முன்பின் கண்டிராத நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். வளர்ந்த பெற்றோருக்கே இது இவ்வளவு பெரிய செல்வம் என்றால், தந்தையைச் சில ஆண்டுகளே அறிந்த சிறு பிள்ளைக்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். பெற்றோரில் ஒருவரை இழந்த, 6 முதல் 17 வயது வரையிலான 125 பிள்ளைகளை அமெரிக்காவில் பில்லிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன் முதலிய ஆய்வாளர்கள் நெருங்கிக் கவனித்தார்கள். இறந்தவரை மறந்தால்தான் பிள்ளை தேறும் என்ற பழைய எண்ணத்தை அந்த ஆய்வு அசைத்துவிட்டது. மிகப் பல பிள்ளைகள் இறந்தவரின் பொருள் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவரோடு மனத்திற்குள் பேசினார்கள். வளர வளர, பெற்றவரைப் பற்றிப் புதிய கேள்விகளும் அவர்களுக்கு எழுகின்றன. பதினொரு வயதில் கேட்ட கேள்வி வேறு, பதினாறு வயதில் கேட்கும் கேள்வி வேறு. ஆகவே ஒருமுறை சொல்லி முடிந்துவிடும் காரியம் அன்று இது.

இனி நாம் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி அமைகிறேன்.

முதலாவது, பிள்ளையோடு இருக்கும் தாயையோ பாதுகாவலரையோ கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. குழுவில் பகிர்ந்ததை வெளியே யாருக்கும் அனுப்பவும் கூடாது.

இரண்டாவது, பொதுவாகப் புகழாதீர்கள். "உன் அப்பா தங்கமானவர்" என்பதால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. எந்த ஆண்டு, எந்த இடம், என்ன செய்தார், என்ன சொன்னார் என்று சொல்லுங்கள். சிறு குறைகளையும் அன்போடு சொல்லலாம்.

மூன்றாவது, மிகச் சிறிய பிள்ளைகளிடம் "அப்பா தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். தூங்கவே அஞ்சும் பிள்ளைகளும், வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. இறந்துவிட்டார் என்பதை மென்மையாக, தெளிவாகச் சொல்ல வேண்டும். "இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற பாரத்தையும் பிள்ளையின் தோளில் வைக்காதீர்கள். ஒரு நேரம் விளையாடும், ஒரு நேரம் அழும். அது பிள்ளைகளின் இயல்பு. பள்ளிக்குப் போக மறுப்பதோ, உண்ணாமல் உறங்காமல் இருப்பதோ நீடித்தால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லத் தயங்கக் கூடாது.

நான்காவது, மறைந்தவரின் கைத்தொலைபேசி எண்ணை அவசரப்பட்டு ரத்து செய்ய வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். அந்த எண் பின்னர் வேறொருவருக்குப் போகலாம். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும். நம் தொலைபேசிகளில் அவருடைய குரல் பதிவுகள் இருக்கின்றன. "அண்ணே, நான் கிளம்பிவிட்டேன், இன்னும் பத்து நிமிடம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சாக இருக்கலாம். பிள்ளைக்கு அது தந்தையின் குரல். தனியாகச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது, பதினாறாம் நாளோடு நின்றுவிடாதீர்கள். திதி நாள், பிள்ளையின் பிறந்தநாள், தேர்வு முடிவு வரும் நாள், இவற்றை ஒருவர் பொறுப்பேற்றுக் குறித்து வைத்துக்கொண்டு அழைத்துப் பேசலாம்.

2021, 2022ஆம் ஆண்டுகளில் தைப்பூசப் பாத ஊர்வலம் நடைபெறவில்லை. 2023இல் காவடிகளும் ஊர்வலமும் மீண்டும் வந்தபோது, அந்தப் பெண் தாயாரோடு எங்கள் பந்தலுக்கு வந்தாள். "அப்பா எங்கே நிற்பார்?" என்று கேட்டாள். காட்டினோம். விடியும்வரை அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று மோர் ஊற்றினாள். கீழே கிடந்த குவளைகளையும் அவளே பொறுக்கினாள்.  இன்னமும் சில சமயம் குழுவில் கேள்வி கேட்பாள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் ஒரு நண்பரை, உடன் தொண்டு செய்தவரை இழந்திருப்பீர்கள். அவருடைய பிள்ளை எங்கோ படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒரு செய்தி உங்களிடம் இருந்தால், இந்த வாரத்திற்குள் அதைச் சொல்லிவிடுங்கள். நமக்கும் வயதாகிறது, நாம் போனால் அதுவும் நம்மோடு போய்விடும்.