பல கடைக்கு ஒரு பட்டியல்



இல்லத்துக்கு வேண்டிய பொருள்களை ஒரு தாளில் எழுதி, அத்தாளுடன் கடைக்குச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருவது. சம்பளம் கைக்கு வரும் நாளில் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, சவர்க்காரம் என வரிசையாக எழுதப்பெற்ற அந்தத் துண்டு, குடும்பத்தின் வரவுக்கும் செலவுக்கும் இடையே நின்ற காவலன் எனலாம். அதில் இல்லாத பொருள் பைக்குள் புகுதல் அரிது. கடையும் ஒன்று; பட்டியலும் ஒன்று; பட்டியலை எழுதிய கையும் வீட்டாரின் கையே.

இன்றோ கடைகள் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. ஒரு சேலையை ஓரிடத்திலும், அழுத்தியை வேறோரிடத்திலும், பிள்ளையின் புத்தகப் பையைக் கடல் கடந்த இன்னோரிடத்திலும் பார்த்து வைக்கின்றனர். ஒவ்வொரு கடையும் தனக்கெனத் தனி விருப்பப் பட்டியல் வைத்திருக்கிறது. ஆதலால் ஒரு குடும்பத்தின் தேவை பத்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றது. அவற்றை ஒன்றுசேர்த்து ஒரே ஏட்டில் காட்டுவதற்கென எழுந்தவையே பல கடைகளுக்கும் பொதுவான விருப்பப் பட்டியல் செயலிகள். அவற்றுள் எதனைத் தேர்வது, எவ்வாறு தேர்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

இவ்வழக்கத்தின் வேர் சற்றுப் பழையது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் புகழுடன் விளங்கிய மார்ஷல் ஃபீல்ட் என்னும் பேரங்காடி, 1924 ஆம் ஆண்டில் மணமக்களுக்கான பரிசுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கிற்று. மணமக்கள் தமக்கு வேண்டிய பாத்திரங்களைக் கடையில் பதிந்து வைப்பர். உறவினர் அப்பதிவைப் பார்த்து வாங்கி அளிப்பர். ஒரே பொருளை இருவர் வாங்கும் வீண் அதனால் நீங்கிற்று. 1993 இல் டார்கெட் என்னும் நிறுவனம் அப்பதிவை மின்னணு முறைக்கு மாற்றியது. பின்னர் இணையக் கடைகள் அதனையே விருப்பப் பட்டியல் என வளர்த்தன. எனினும் இவை யாவும் ஒரு கடைக்குள் அடங்கிய பட்டியல்களே. பட்டியலின் உரிமையாளர் யார் என்று வினவினால், எழுதியவர் அல்லர், கடைக்காரரே என்பதே விடை.

பொதுப் பட்டியல் செயலி இத்தடையைக் கடக்கும் விதத்தை நோக்குவோம். ஒரு கடையின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பகிர்வுக் குறியை அழுத்திச் செயலியின் பெயரைத் தெரிவு செய்கிறார். கணினியாயின், உலாவியுடன் இணைந்த சிறு துணைக்கருவி அவ்வேலையைச் செய்கிறது. செயலி அப்பக்கத்தைப் படித்து, பொருளின் பெயர், படம், விலை, முகவரி ஆகியவற்றை எடுத்து ஏட்டில் பதிகிறது. இவ்வாறு எடுக்க முடிவதற்குக் காரணம், பக்கங்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறிப்புகள் எழுதப்பட்டிருப்பதாகும். 2011 ஆம் ஆண்டில் கூகுள், மைக்ரோசொப்ட், யாஹூ ஆகிய நிறுவனங்கள் கூடி அக்குறிப்புகளுக்குப் பொது முறை ஒன்றை வகுத்தன. அம்முறையைப் பின்பற்றும் கடையின் பொருள் செவ்வையாகப் பதிவாகும். பின்பற்றாத கடையில் விலை விடுபடலாம், படம் மாறலாம், பச்சை நிறச் சேலைக்குப் பதிலாகச் சிவப்பு நிறச் சேலை பதிவாகலாம்.

இந்நாட்டு நேயர்களுக்கு இது சிறப்பாகக் கருதற்பாலது. கப்ருகா, டராஸ் போன்ற பெரிய கடைகள் ஒருபுறமிருக்க, முகநூற் பக்கங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பொருள் விற்கும் சிறு வணிகர் பலர் உளர். அவர்களுடைய விலையை எந்தச் செயலியும் தானாகப் படித்தறியாது. எனவே, பொருளின் பெயரையும் விலையையும் கையாலே எழுதிச் சேர்க்க இடந்தராத செயலி, எத்துணை அழகுடையதாயினும், இங்குள்ள குடும்பத்துக்கு அரைப்பயனே தரும்.

எடுத்துக்காட்டாக, வவுனியாவில் வாழும் ஒரு தாய், தன் மகளின் புது இல்லத்துக்குப் பொருள் சேர்க்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். அவருடைய தம்பியர் இருவர் வெளிநாட்டில் உளர். மூவரும் ஒரே பட்டியலைப் பார்க்க வேண்டும். மூத்தவர் சோறாக்கும் மின்கலத்தை வாங்கிவிட்டால் இளையவர் அதனை மீண்டும் வாங்கலாகாது. ஆயின் பரிசு பெறும் பெண்ணுக்கு அது முன்கூட்டித் தெரியவும் கூடாது. நல்ல செயலி, ஒரு பொருளை ஒருவர் ஏற்றுக்கொண்டதைப் பரிசளிப்போருக்கு மட்டும் காட்டி, பெறுபவருக்கு மறைத்து வைக்கும். பட்டியலைக் காண்பவர் எல்லோரும் அச்செயலியில் கணக்குத் திறந்தே ஆகவேண்டும் என வற்புறுத்தாமல், ஓர் இணைப்பைத் திறந்த மாத்திரத்தில் காட்டுவதும் முதியோருக்கு உதவியாகும்.

இனி, விலையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பல செயலிகள், விலை குறைந்தவுடன் அறிவிப்பு அனுப்புவதாகக் கூறுகின்றன. விலை குறைந்தது என்பது எதனோடு ஒப்பிட்டு? நேற்று உயர்த்தி இன்று குறைப்பதும் குறைப்பெனவே விளம்பரம் செய்யப்படலாம். இதனைத் தடுக்கவே ஐரோப்பிய ஒன்றியம், 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதியொன்றினால், விலைக்குறைப்பை அறிவிக்கும் வணிகர் அதற்கு முந்திய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்டவேண்டும் என்று பொதுவாகக் கட்டளையிட்டது. விருப்பப் பட்டியல் இவ்விடத்தில் வாங்குவோருக்குத் துணையாகலாம். பொருளைப் பதிந்த நாளின் விலையையும், அதன் பின் ஏற்பட்ட மாற்றங்களையும் ஒருங்கே காட்டும் செயலி, உண்மையான குறைப்பையும் போலிக் குறைப்பையும் பிரித்தறிய உதவும். அமெசன் கடையின் விலை வரலாற்றை மட்டும் கமெல்கமெல்கமெல் என்னும் தளம் வரைபடமாகக் காட்டுகிறது.

கடல் கடந்த கடையாயின் எச்சரிக்கை இன்னும் வேண்டும். பட்டியலில் டொலரில் எழுதப்பட்ட விலை பொருளின் விலை மாத்திரமே. அதனை அனுப்பும் கூலி, நாணய மாற்றுவீதம், வங்கிக் கட்டணம், துறைமுகத்தில் செலுத்தும் சுங்கத் தீர்வை ஆகியன அதில் அடங்கா. இவற்றைக் குறித்து வைக்க ஒரு குறிப்பிடம் பட்டியலில் இருத்தல் நலம்.

அடுத்து எழும் வினா, இச்செயலிகள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பது எங்ஙனம் என்பதாகும். பட்டியலில் உள்ள இணைப்பின் வழியாகச் சென்று ஒருவர் பொருள் வாங்கினால், கடைக்காரர் செயலி நிறுவனத்துக்குத் தரகு கொடுக்கிறார். இது தன்னளவில் தவறன்று. தரகர் இல்லாத சந்தை எங்குமில்லை. ஆனால், தரகு யாருக்குச் சேர்கிறது என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும். 2012 இல் தொடங்கப்பெற்ற ஹனி என்னும் துணைக்கருவியைப் பேபால் நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கி, 2020 சனவரியில் தனதாக்கிற்று. பொருள் ஒன்றைப் பிறர் பரிந்துரைத்து, அவருக்குச் சேரவேண்டிய தரகு, வாங்கும் கடைசிக் கணத்தில் ஹனிக்குத் திருப்பப்படுகிறது என்னும் குற்றச்சாட்டு 2024 டிசம்பரில் எழுந்தது. வழக்குகளும் தொடுக்கப்பட்டன. தொழிலில் நிலவும் விதிகளுக்கு அமையவே கருவி இயங்குவதாக நிறுவனம் மறுமொழி கூறிற்று. 2025 மார்ச்சில் கூகுள், பயனருக்கு நேரடி நன்மை எதுவும் தராமல் தரகு இணைப்பைப் புகுத்துதல் கூடாது எனத் தன் உலாவித் துணைக்கருவிகளுக்கான விதியைத் திருத்தியது. இலவசம் என்னும் சொல்லின் பின்னே ஒரு கணக்குப் புத்தகம் இருப்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

தரகினும் நுண்ணியது தகவல். ஒருவரது விருப்பப் பட்டியல் அவருடைய உள்ளத்தின் படமாகும். பிறக்கப்போகும் பிள்ளைக்கான தொட்டில், நோயாளிக்கான சக்கர நாற்காலி, மணமகளின் நகை ஆகிய யாவும் அதில் எழுதப்படும். எனவே பட்டியல் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் திறந்ததா, எழுதியவருக்கு மட்டும் உரியதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். துணைக்கருவியை நிறுவும்போது, பார்க்கும் பக்கங்கள் அனைத்தையும் படிக்க அது அனுமதி கேட்கிறதா, அழுத்தும்போது மட்டும் படிக்கக் கேட்கிறதா என்பதையும் கவனித்தல் வேண்டும். பின்னையது போதுமானது. இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென இயற்றப்பட்ட 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், தம்மைப் பற்றிய தரவுகளை அறியவும், திருத்தவும், அழிக்கவும் கோரும் உரிமைகளை வகுத்துள்ளது. கணக்கை மூடும் வழியை மறைத்து வைக்கும் செயலி அவ்வுரிமைகளின் கருத்துக்கு மாறானது.

ஏட்டின் ஆயுளையும் எண்ணுதல் வேண்டும். பல கடைகளின் உடைகளையும் அணிகளையும் சேர்த்து அடுக்கி வைக்கும் பொலிவோர் என்னும் தளம் பெரும் புகழ் பெற்றிருந்தது. 2015 இல் யாஹூ அதனை வாங்கிற்று. 2018 ஏப்பிரலில் எசென்ஸ் என்னும் கனடிய நிறுவனத்தின் கைக்கு அது மாறிய உடனே தளம் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சேர்த்தவற்றை எடுத்துக்கொள்ளப் பயனர்களுக்குக் குறுகிய தவணையே கிடைத்தது. பெரிய நிறுவனத்துக்கு உரியது என்பதால் நிலைத்திருக்கும் என்பதற்கில்லை. அமெசன் தனது உலாவித் துணைக்கருவியை 2023 இல் நிறுத்திவிட்டது. ஆதலின் பட்டியலை முழுமையாக வெளியே எடுத்துத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் வசதி, செயலிக்கு வேண்டிய முதல் இலக்கணங்களுள் ஒன்று எனல் பொருந்தும்.

ஆயினும், இவை யாவினும் மேலான ஒரு சோதனை உண்டு. பட்டியல் ஆசையை அடக்குகிறதா, தூண்டுகிறதா என்பதே அது. பழைய துண்டுத்தாள் மௌனமாக இருந்தது. எழுதியவரை நள்ளிரவில் எழுப்பவில்லை. செயலியோ, விலை குறைந்தது, இரண்டே உள்ளன, இன்றே முடிகிறது என்று இடையறாது தட்டிக்கொண்டிருக்க வல்லது. அறிவிப்புகளை முற்றும் நிறுத்தவும், வேண்டிய பொருளுக்கு மட்டும், குறித்த விலைக்கு மட்டும் அனுப்பச் செய்யவும் கூடியதாய் இருப்பதே ஏற்றது. பொருளைப் பதியும்போது, அது ஏன் வேண்டும் என்று ஒரு வரியும், பதிந்த தேதியும் எழுதி வைப்போர், ஒரு மாதம் கழித்து அவ்வரியை மீண்டும் படித்துப் பார்க்கலாம். காரணம் அப்போதும் நிலைத்திருந்தால் பொருள் தேவை. காரணத்தைக் கண்டு எழுதியவரே நகைப்பாராயின், பணம் மிச்சம்.

தெரிவு செய்ய விரும்புவோர் நீண்ட ஆராய்ச்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. தாம் வழக்கமாக வாங்கும் ஐந்து கடைகளிலிருந்து ஐந்து பொருள்களை எடுத்து, இரண்டு செயலிகளில் பதிந்து பார்க்கட்டும். பெயரும் விலையும் நிறமும் சரியாக வந்தனவா? கையாலே எழுத இடமுண்டா? வீட்டார் ஒருவர் எளிதில் திறந்து பார்க்க முடிந்ததா? அறிவிப்பை அடக்க முடிந்ததா? பட்டியலை வெளியே எடுக்கவும் கணக்கை அழிக்கவும் வழியுண்டா? இவ்வைந்துக்கும் ஆம் என விடை தருவதைக் கொள்க. ஒன்றும் அவ்வாறு அமையவில்லையெனில், கைத்தொலைபேசியிலேயே உள்ள குறிப்பேட்டில் பெயரையும் விலையையும் இணைப்பையும் எழுதி வைத்தாலும் குறைவில்லை. அது விலைக்குறைப்பை அறிவியாது. ஆனால் தரகும் கேளாது.

பொருள் வாங்குவதற்கு முன் ஒரு பட்டியல் எழுதும் நல்வழக்கம், கடைகள் பெருகிய இக்காலத்தில் முன்னிலும் மிகுதியாக வேண்டப்படுகிறது. அப்பட்டியலை எழுதும் உரிமையும், அழிக்கும் உரிமையும் வீட்டாரிடமே இருக்குமாறு பார்த்துக்கொள்வது நேயர்களின் கடன்.